நாய் இழுக்குது, சரி... கயித்தைப் பிடிச்சிருக்கிறது யாரு?



மக்காச்சோளம் ஒடிச்சு, அடிச்சு, வித்தும் ஆச்சு. காட்டுல தட்டை மட்டும் நிக்குது. கையில கொஞ்சம் நேரம் கிடைச்சிருக்கு. விலையைப் பத்தி எழுதுவேன்னு நினைச்சிருப்பீங்க. அதை எழுதினா வயித்தெரிச்சல்தான் மிஞ்சும். இன்னிக்கு எங்க வீட்டு நாயைப் பத்தி எழுதப் போறேன். நாயைப் பத்தின்னு சொல்றதை விட, அதைக் கட்டி வளக்கிற நம்மளைப் பத்தின்னு சொல்லலாம்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். கயித்துல பிடிச்சுட்டுப் போகும்போது அடுத்த நாயைப் பாத்ததும் குரைச்சு, பாய்ஞ்சு, ஆளையே இழுத்துத் தள்ளுற நாய் கெட்ட நாய் இல்லை. பெரும்பாலும் அதை அப்படி ஆக்கினது நாமதான். அதை மாத்தவும் நம்மால முடியும். ஆனா அடியால முடியாது. இதை நான் புத்தகம் படிச்சுச் சொல்லல. என் வீட்டுக்காரி கை எலும்பு உடைஞ்ச பிறகுதான் எனக்கே புரிஞ்சது.

எங்க ஊர் சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவுல இருக்கிற கரிசக்காட்டு ஊர். சிப்பிப்பாறை எங்க விருதுநகர் மாவட்டத்துலதான் இருக்கு. அந்த ஊர் பேருல உள்ள நாய் இனத்தை நீங்க பாத்திருப்பீங்க. நீளக் காலு, ஒட்டின வயிறு, கூர்மையான மூஞ்சி. கண்ணால பாத்துத் துரத்துற இனம். காட்டு வரப்புல ஏதாவது அசைஞ்சா நம்ம கண்ணுக்குத் தெரியுறதுக்கு முன்னாடியே அது பாத்துரும். எங்க நாயும் அந்த வகைதான். நிறம் செவலை, பேரும் செவலை. நாப்பது நாள் குட்டியா வாங்கிட்டு வந்தேன். வரும்போது மடியில சுருண்டு படுத்துட்டு வந்துச்சு.

நாலு மாசம் ஆனதும் தொழுவத்துக் கல்தூண்ல சங்கிலி போட்டுக் கட்டிட்டேன். கட்டலைன்னா கோழியைத் துரத்துது, ஆட்டுக்குட்டியைத் துரத்துது, யார் பதில் சொல்றது? காலையில ஒருக்கா காட்டுக்குக் கயித்துல பிடிச்சுக் கூட்டிட்டுப் போவேன். மத்த நேரமெல்லாம் கட்டுத்தான். எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான் வளக்கிறாங்க. எனக்கு அது தப்பாவே தெரியல.

ரெண்டு வயசு ஆகும்போது ஒரு பழக்கம் வந்துச்சு. வீட்டுல பூனை மாதிரி இருக்கும். பேரப்பிள்ளை வாலைப் பிடிச்சு இழுத்தாலும் சும்மா இருக்கும். கயித்துல பிடிச்சுத் தெருவுல இறங்கினா மட்டும் வேற நாய். தூரத்துல ஒரு தெருநாய் தெரிஞ்சா போதும், பிடரி மயிர் சிலுத்துக்கிட்டு ரெண்டு கால்ல எந்திரிச்சு நிக்கும். பாக்கிறவங்க, "அண்ணாச்சி, நாய்னா இதுதான் நாயி"ன்னு சொல்லுவாங்க. எனக்கும் உள்ளுக்குள்ள பெருமைதான். அந்தப் பெருமைதான் முதல் தப்பு.

போன சித்திரையில கோடை உழவுக்கு டிராக்டர் வந்திருந்துச்சு. நான் காட்டுல நின்னேன். வீட்டுக்காரி ஒரு கையில தூக்குச்சட்டியில கஞ்சி, இன்னொரு கையில செவலையைப் பிடிச்சுக்கிட்டு வந்திருக்கா. கயிறு நழுவிடக் கூடாதுன்னு உள்ளங்கையில ரெண்டு சுத்துச் சுத்தியிருக்கா. கண்மாய்க்கரை திருப்பத்துல ரெண்டு தெருநாய் எதிர்ல வந்திருக்கு. செவலை பாய்ஞ்ச பாய்ச்சல்ல அவ அப்படியே குப்புற விழுந்துட்டா. மணிக்கட்டு எலும்பு உடைஞ்சு போச்சு.

அதோட நிக்கல. கயித்தை இழுத்துக்கிட்டே ஓடின செவலை, தெருநாய் ரெண்டும் தப்பிச்சதும், தன் வீட்டு வாசல்ல சும்மா படுத்திருந்த எங்க பங்காளி வீட்டு நாய் மேல விழுந்துருச்சு. காது கிழிஞ்சு போச்சு. பிரிச்சுவிடப் போன பங்காளி மகன் கையில பல்லு பட்டுத் தோல் லேசாக் கீறிருச்சு. நல்லவேளை ரத்தம் வரல. எந்த நாயோட பல்லுன்னும் தெரியல. யாரோ விவரம் தெரிஞ்சவங்க, குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு பதினஞ்சு நிமிசம் கழுவ வச்சிருக்காங்க. செவலைக்கு வருசா வருசம் வெறிநாய்த் தடுப்பூசி போட்டுத்தான் இருக்கேன். இருந்தாலும் ஊசியைத் தவற விடக் கூடாதுன்னு ஆரம்ப சுகாதார நிலையத்துல சொல்லிட்டாங்க. முதல் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள்னு நாலு தடவை அந்தப் பையனை என் வண்டியிலதான் கூட்டிட்டுப் போனேன். பையன் நல்லவன், "விடுங்க பெரியப்பா"ன்னு சொன்னான். அவங்க அப்பா இன்னிக்கு வரைக்கும் எங்கிட்டப் பேசல. அவன் பக்கம் நியாயம் இருக்கு.

நாப்பது நாளைக்கும் மேல மாவுக்கட்டு. பால் கறக்க, தண்ணி எடுக்க, சோறு வடிக்க எல்லாம் நான்தான். திருப்பூர்ல வேலை பாக்கிற மகன் போன்ல சொன்னான்: "அப்பா, ஒரு குட்டியானை வண்டி பிடிச்சு நாலுவழிச் சாலைக்கு அந்தப் பக்கம் எங்கயாவது விட்டுட்டு வந்துருங்க." டீக்கடையிலயும் அதே பேச்சு. எனக்கும் கோபம். சரின்னு வண்டிக்காரன்கிட்டப் பேசியும் வச்சுட்டேன்.

அன்னிக்கு ராத்திரி கட்டுப் போட்ட கையை மடியில வச்சுக்கிட்டு வீட்டுக்காரி சொன்னா: "ரெண்டு வருசமா கல்லுல கட்டிப்போட்டு வளத்தீக. அது என்ன செய்யும்? நாளைக்கு ரோட்டுல அடிபட்டுக் கிடந்தா உங்களுக்குச் சோறு இறங்குமா?"

விழுந்தவ அவ. அவளே அப்படிச் சொன்னப்புறம் எனக்கு வாய் எழல. காலையில வண்டிக்காரனுக்கு வேண்டாம்னு சொல்லிட்டு, செவலையைக் கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிட்டுப் போனேன்.

டாக்டர் முதல்ல செஞ்ச வேலை, காதைப் புரட்டிப் பாத்தது. உள்ள உண்ணி. காது புண்ணாகி இருந்துச்சு. எனக்கு வெக்கமாப் போச்சு. "வலியில இருக்கிற மனுசன்கிட்டப் பேசினாலே எரிஞ்சு விழுவான், நாய் என்ன செய்யும்?"னு கேட்டார். புண்ணுக்கு மருந்து குடுத்துட்டு, "இதைச் சரி பண்ணினா பாதிதான். மீதி உங்க கயித்துல இருக்கு"ன்னு சொல்லி விவரமா விளக்கினார். அதைத்தான் என் பாஷையில இங்க எழுதுறேன்.

ரெண்டு நாய் கட்டில்லாம காட்டுல சந்திச்சா எப்படி நடந்துக்கும்னு கவனிச்சிருக்கீங்களா? நேருக்கு நேர் வராது. ஒண்ணு கொஞ்சம் வளைஞ்சு வரும். இன்னொண்ணு தரையை மோந்து பாக்கிற மாதிரி நிக்கும். பக்கவாட்டுல வந்து பின்பக்கம் மோந்து பாத்துட்டு, பிடிச்சா விளையாடும், பிடிக்கலைன்னா விலகிப் போயிடும். அதுதான் அதுங்களுக்கு மரியாதை. கயித்துல இருக்கிற நாய்க்கு இந்த ரெண்டும் கிடையாது. வளைஞ்சு போக முடியாது, விலகி ஓடவும் முடியாது. நாம தெருவுல நேராக் கூட்டிட்டுப் போறோம். முகத்துக்கு முகம் நிக்க வேண்டியிருக்கு. பயந்த நாய்க்குத் தப்பிக்க வழி இல்லைன்னா என்ன செய்யும்? "கிட்ட வராதே"ன்னு கத்தும். எதிர் நாய் அதுபாட்டுக்குத் தன் வழியில போயிடும். நம்ம நாய் என்ன நினைக்கும்? "நான் கத்தினேன், அது போயிடுச்சு." அடுத்த தடவை இன்னும் சீக்கிரமாக் கத்தும். சில நாய் பயத்துல கத்தும், சில நாய் கிட்டப் போய்ப் பாக்கணும்கிற ஆசை நிறைவேறாம கத்தும். வெளியில பாக்க ரெண்டும் ஒண்ணுதான்.

இதுல கட்டிப்போடுற கதையையும் சேத்துக்கோங்க. தொழுவத்துல செவலை கட்டிக் கிடக்கும்போது தெருநாய்ங்க வந்து சங்கிலி எட்டாத இடத்துல நின்னு போக்குக் காட்டும். இது பாயும், கழுத்து இறுகும், மூச்சு முட்டும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை! "அடுத்த நாய் வந்தா கழுத்து வலிக்கும்"னு அது படிச்ச பாடம் அங்கதான். நாய்க்கு வேலையில்லை, நிக்க நேரமில்லைன்னு பழமொழி சொல்லுவோம். கட்டிப்போட்ட நாய்க்கு வேலையும் இல்லை, நிக்கிறதைத் தவிர வேற வழியும் இல்லை.

இன்னொண்ணும் டாக்டர் கேட்டார்: "குட்டியில மத்த நாய்ங்களோட பழக விட்டீங்களா?" எங்க விட்டேன்! பிறந்து மூணு வாரத்துல இருந்து மூணு மாசம், கூடினா மூணரை மாசம் வரைக்கும்தான் குட்டி எதையும் பயமில்லாமப் பழகுற காலமாம். அந்த நேரத்துல நான் அதை வீட்டுத் திண்ணையை விட்டு இறக்கல. குட்டி வாங்கிறவங்க இதை ஞாபகம் வச்சுக்கோங்க. தடுப்பூசி போட்ட, சாதுவான நாய்ங்களோட அந்த வயசுலயே பழக விடுங்க.

மாடு வசக்கினவங்களுக்கு இனி சொல்றது சுலபமாப் புரியும். எங்க அப்பா புதுக் காளையை வசக்கும்போது முதல் நாளே ஏர்ல பூட்டி அடிக்க மாட்டார். மொதல்ல தோள்ல வெறும் நுகத்தடியை வச்சு நடக்க விடுவார். பிறகு பழகின வயசான மாட்டோட சேத்துப் பூட்டுவார். மிரண்டா அதட்ட மாட்டார், நின்னு தடவிக் குடுப்பார். "கயித்துல உன் கை பேசும்டா. நீ நடுங்கினா அதுக்குத் தெரியும்"னு சொல்லுவார். நாய்க் கயிறும் அப்படித்தான். தூரத்துல நாயைப் பாத்ததும் நான் என்ன செய்வேன்? கயித்தைச் சுருக்கி இறுக்கிப் பிடிப்பேன். அந்த இறுக்கமே செவலைக்கு மணி அடிச்ச மாதிரி. "ஏதோ ஆபத்து வருது, இவரே பயப்படுறாரு"ன்னு.

சரி, என்ன செஞ்சேன்னு சொல்றேன்.

முதல்ல கட்டை மாத்தினேன். தொழுவத்துக்குப் பின்னால ரெண்டு சென்ட் இடத்தைச் சுத்தி ஆறடி உயரத்துக்கு வலைக்கம்பி அடிச்சேன். இந்த இனம் நல்லாத் தாண்டும், நாலடி வேலியெல்லாம் அதுக்கு வேலியே இல்லை. தெருப் பக்கம் பனையோலைத் தட்டி கட்டி மறைச்சேன். தெருநாய் கண்ணுல படலைன்னா பாதிக் குரைப்பு தன்னால நின்னு போகுது.

அடுத்தது பட்டை. இந்த நாய்க்குத் தலையும் கழுத்தும் கிட்டத்தட்ட ஒரே பருமன். சாதாரணக் கழுத்துப் பட்டையைப் பின்னால இழுத்தா தலை வழியா உருவிட்டுப் போயிடும். கழுத்தும் மெலிசு, இழுத்தா வலிக்கும். அதனால நெஞ்சோட சேத்துக் கட்டுற பட்டை வாங்கினேன். சங்கிலியை விட்டுட்டு ஆறடி நாடாக் கயிறு. கையில சுத்துறதே கிடையாது. கைப்பிடியை இறுக்கிப் பிடிச்சுக்கிறேன், அவ்வளவுதான். உள்பக்கம் முள்ளு வச்ச பட்டை கடையில விக்குது, வாங்காதீங்க. அடுத்த நாயைப் பாக்கும்போதெல்லாம் கழுத்துல குத்தினா அடுத்த நாய் மேல வெறுப்பு கூடுமே தவிரக் குறையாது.

பிறகு தூரம். இதுதான் முக்கியம். ஒவ்வொரு நாய்க்கும் ஒரு தூரம் இருக்கு. அதுக்கு அந்தப் பக்கம் வேற நாய் நின்னா பாக்கும், ஆனா புத்தி தெளிவா இருக்கும். அதைத் தாண்டிக் கிட்ட வந்துட்டா காது அடைச்சுப் போகும், நம்ம குரலே கேக்காது. நான் அதைக் கரண்டுக் கம்பத்தை வச்சு அளந்தேன். எங்க ரோட்டுல கம்பத்துக்குக் கம்பம் நாப்பது, அம்பது மீட்டர் இருக்கும். செவலைக்கு மூணு கம்பம் தூரம் வேண்டியிருந்துச்சு.

கோழிக்கடையில ஈரல் வாங்கி, உப்பில்லாம வேகவச்சு, சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கிப் பையில வச்சுக்கிட்டேன். மூணு கம்பத்துக்கு அந்தப் பக்கம் நாய் தெரிஞ்சதும், செவலை குரைக்கிறதுக்கு முன்னாடியே ஒரு துண்டு. அது பாத்துக்கிட்டே இருக்கிற வரைக்கும் துண்டு துண்டா வந்துக்கிட்டே இருக்கும். அந்த நாய் மறைஞ்சதும் ஈரலும் நின்னுரும். இவ்வளவுதான் வித்தை. "அடுத்த நாய் வந்தா கழுத்து வலிக்கும்"னு படிச்சதை அழிச்சு, "அடுத்த நாய் வந்தா ஈரல் வரும்"னு எழுதணும்.

ஈரலை வாங்கிச் சாப்பிடலைன்னா நாம ரொம்பக் கிட்டப் போயிட்டோம்னு அர்த்தம். வாயை மூடி, உடம்பு விறைச்சு, காது முன்னால வந்து, கண்ணு இமைக்காம ஒரே இடத்தைப் பாத்தா அடுத்த நொடி பாய்ச்சல்தான். அதுக்கு முன்னாடியே "வா"ன்னு சொல்லித் திரும்பிடணும். இந்த "வா"வையும் முதல்ல வீட்டு முத்தத்துல, வேற நாய் எதுவும் இல்லாதப்போ பழக்கணும். அவசரத்துல புதுசாச் சொன்னா எந்த நாய்க்கும் புரியாது. திரும்ப இடமில்லைன்னா மறைப்பு தேடுவேன். நிக்கிற டிராக்டர், படப்பு, வேப்பமரம், எது கிடைச்சாலும் சரி. பார்வை அறுந்தா போதும்.

நம்ம ஊர்ல இன்னொரு சிக்கல் இருக்கு. தெருநாய்க்குக் கயிறு கிடையாது, அது நேரா நம்மகிட்டயே வரும். கல்லெடுக்கிற மாதிரி குனிஞ்சா ஓடிப் போயிடும், உண்மைதான். ஆனா நாம குனிஞ்சு கத்தினா நம்ம நாய்க்கும் வெறி ஏறும். அதனால பையில கொஞ்சம் பழைய ரொட்டித் துண்டும் வச்சிருப்பேன். வர்ற நாய் பக்கம் ஒரு கை வீசி எறிஞ்சுட்டு, அது பொறுக்கிறதுக்குள்ள நாங்க வேற சந்துல திரும்பிடுவோம். சண்டை வந்தே போச்சுன்னா நடுவுல கையை மட்டும் விடாதீங்க. வாளித் தண்ணியை ஊத்துங்க, பலகையை நடுவுல தள்ளுங்க. பங்காளி மகன் கை ஒண்ணு போதும் எனக்கு.

மறைக்காம ஒண்ணு சொல்லணும். ஐப்பசியில ஒரு நாள், நல்லா முன்னேறி வந்த நேரம். எதிர்பாராம ஒரு நாய் வேலி இடுக்குல இருந்து குதிச்சது. செவலை பாய்ஞ்சது, நான் சேத்துல வழுக்கி விழுந்தேன். எந்திரிச்ச ஆத்திரத்துல கயித்து நுனியால நாலு விளாசு விளாசிட்டேன். அது கத்தவே இல்லை. அப்படியே தரையில ஒட்டிப் படுத்துக்கிச்சு. அதுக்கப்புறம் ரெண்டு வாரம், தூரத்துல நாய் தெரிஞ்சா முதல்ல என் கையைப் பாத்து ஒடுங்கும், பிறகு முன்னைவிட மோசமாக் குரைக்கும். ஈரலைக் காட்டினாலும் வாங்கல. அஞ்சு மாச உழைப்பை அஞ்சு நொடியில நானே உழுது போட்டுட்டேன். மறுபடி மூணு கம்பத்துல இருந்து ஆரம்பிச்சேன். அடிச்சா திருந்தும்னு சொல்றவங்களுக்கு என்கிட்ட இருக்கிற பதில் இதுதான்.

கார்த்திகைக்கு மேல எங்க அப்பா முறையையும் சேத்துக்கிட்டேன். ஆட்டுக்கார மாமாகிட்ட ஒரு கிழட்டு நாய் இருக்கு. கிடையில ஆடு கத்தினாக்கூட ஒரு கண்ணைத் திறந்து பாத்துட்டு மூடிக்கும், அவ்வளவு சாது. மாமா அதை ரோட்டுக்கு அந்த ஓரத்துல கூட்டிட்டு நடப்பார், நான் இந்த ஓரத்துல செவலையோட. ஒரே திசை, முகத்துக்கு முகம் கிடையாது. நாளாக நாளாக ஓரம் நெருங்கி வந்துச்சு. இப்ப பத்து எட்டு இடைவெளியில ரெண்டும் நடக்குது. "மருமகனே, மாடு வசக்குறாப்ல நாய் வசக்குறீரு"ன்னு மாமாவுக்குச் சிரிப்பு.

டீக்கடையில என்கிட்டக் கேட்ட கேள்விகளுக்கும் பதில் சொல்லிடுறேன்.

"கட்டே வேண்டாம், அவுத்து விட்டுறலாமே"ன்னு ஒருத்தர். அவுத்து விட்டா ஆட்டைத் துரத்தும், வண்டியில போற பிள்ளைங்களைத் துரத்தும், முயலை அடிக்கும். முயல் அடிக்கிறது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குத்தம். பக்கத்துல நாலுவழிச் சாலை வேற. கயிறு வேணும். அதைப் பிடிக்கத் தெரியணும்னுதான் சொல்றேன்.

"கொண்டுபோய் விட்டுட வேண்டியதுதானே"ன்னு இன்னொருத்தர். 1960ஆம் வருச மிருகவதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவுல, பசி தாகத்துல தவிக்கும்னு தெரிஞ்சும் வளத்த பிராணியைக் கைவிடுறது குத்தம். அதே பிரிவுல இன்னொண்ணும் இருக்கு, அதைப் படிச்சப்பதான் எனக்குச் சுருக்குனு இருந்துச்சு. எப்பவும் சங்கிலியில கட்டி வச்சிருக்கிற நாய்க்கு உடையவன் நடை உலாவல் குடுக்காம விட்டா அதுவும் குத்தம். அந்தக் கணக்குல பாத்தா எங்க ஊர்ல பாதிப் பேர், என்னையும் சேத்து, அபராதம் கட்டணும். சட்டத்தை விடுங்க. நாம விட்டுட்டு வர்ற நாய் வேற ஒரு ஊர்ல தெருநாயா நிக்கும். அந்த ஊர்க்காரன் வீட்டுக்காரியும் கஞ்சிச்சட்டியோட நடந்து வருவா.

"ஆப்பரேஷன் பண்ணினா அடங்கிரும்"னு ஒருத்தர். கருத்தடை நல்லதுதான், குட்டி பெருகாது. ஆனா பயத்துல குரைக்கிறதை அது மட்டுமே மாத்திராதுன்னு டாக்டர் சொல்லிட்டார்.

"நாய் வாலை நிமிர்த்த முடியுமாண்ணே?"ன்னு கேட்டவர்தான் நல்லாக் கேட்டார். தம்பி, வாலை யார் நிமிர்த்தச் சொன்னா? அது வளைஞ்சே இருக்கட்டும். என் கையைத்தானே நான் நிமிர்த்தினேன்.

நாய் வச்சிருக்கிறவங்ககிட்ட ஒரு வேண்டுகோள். எதிர்ல ஆள் பயந்து ஒதுங்கும்போது "ஒண்ணும் பண்ணாது, வாங்க"ன்னு சொல்லாதீங்க. குரைக்கிற நாய் கடிக்காதுன்னு பழமொழியையும் சொல்லாதீங்க. குரைச்ச நாய் கடிச்சதை நான் பாத்துட்டேன். நம்ம நாய்னால அடுத்தவங்க வழி மாறிப் போகக் கூடாது, நாமதான் மாறிப் போகணும். மனுசங்களையே கடிக்கப் பாயுற நாய், சின்னப் பிள்ளைங்ககிட்டப் பல்லைக் காட்டுற நாய்னா என் கதையை நம்பி நீங்களாச் சோதனை பண்ணாதீங்க. நேரா மருத்துவர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க. வருசா வருசம் தடுப்பூசியை விடாதீங்க. செப்டம்பர் 28 வெறிநாய்க்கடி நோய்க்கான உலக நாள். அதையொட்டி முகாம் போட்டா கட்டாயம் கூட்டிட்டுப் போங்க.

செவலை இப்ப முழுசா மாறிருச்சான்னு கேட்டா, இல்லை. இந்த மாசி மாசம் வரைக்கும் பத்து மாசம் ஆச்சு. சாதாரண நாய்னா பதினஞ்சு எட்டுத் தூரத்துல கடந்து போயிடும். உர்ருன்னு ஒரு சத்தம் வரும், அதுக்கு நான் அதட்டுறது இல்லை. "இதுக்கு மேல கிட்டப் போகாதே"ன்னு அது எங்கிட்டச் சொல்றது அது. அந்தச் சத்தத்தை அடிச்சு அடக்கிட்டா நாளைக்குச் சொல்லாமலே கடிக்கும். மழை இடிக்கிற நாள், வெடிச் சத்தம் கேட்ட நாள்னா கூட்டிட்டே போறது இல்லை, முத்தத்துலயே விளையாட்டு.

பங்காளி வீட்டுத் தெருவுக்கு இன்னும் போறது இல்லை. அவன் வீட்டுக்கு ரெண்டு கம்பம் முன்னாடியே திரும்பிடுறோம். போன வாரம் அந்தக் காது கிழிஞ்ச நாய் கண்மாய்க்கரையில நின்னுச்சு, பக்கத்துல அவனும் நின்னான். செவலை அதைப் பாத்துச்சு. பிறகு திரும்பி என் முகத்தைப் பாத்துச்சு, ஈரல் எங்கன்னு. குடுத்தேன். அவன் ஒண்ணும் பேசல. ஆனா பாத்துக்கிட்டே இருந்தான்.

வீட்டுக்காரி கயித்தைத் தொடுறது இல்லை. மழைக்காலத்துல இன்னும் அந்த மணிக்கட்டு குடையுதுன்னு சொல்றா. நான் பிடின்னு கேக்கவும் மாட்டேன். ஆனா காலையில நாங்க கிளம்பும்போது அவளும் சேலையை இடுப்புல சொருகிக்கிட்டு கூடவே வர்றா. கயிறு என் கையில. ஈரல் பை அவ மடியில.